எக்ஸை அடிப்பதற்கு முன்: பத்தாம் வகுப்புக் கணக்குச் சந்தேகங்கள்

கேள்வி: எக்ஸ்² = 5எக்ஸ். இருபுறமும் எக்ஸை அடித்து, விடை 5 என்று எழுதினேன். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. ஏன்?

பதில்: எக்ஸை அடித்தபோது இன்னொரு விடையும் கூடவே போய்விட்டது. அடிப்பது என்றால் வகுப்பது. எக்ஸ் பூச்சியமாக இருந்தால் அதால் வகுக்க முடியாதே! எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவாருங்கள்: எக்ஸ்² − 5எக்ஸ் = 0. எக்ஸை வெளியே எடுத்தால் எக்ஸ்(எக்ஸ் − 5) = 0. பெருக்கல்பலன் பூச்சியம் என்றால் இரண்டில் ஒன்றாவது பூச்சியமாக இருக்க வேண்டும். ஆக, 0, 5 இரண்டும் விடைகள்.

முக்கோணவியலிலும் இதே தொல்லை உண்டு. தீட்டா 0° முதல் 90° வரை, 2 சைன்² தீட்டா = சைன் தீட்டா என்று கேட்டால், சைனை அடிப்பவருக்கு 30° மட்டும் கிடைக்கும். 0° தொலைந்துவிடும். நல்ல மாணவர்கள்கூட இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

கேள்வி: √(எக்ஸ் + 6) = எக்ஸ். எனக்கு 3, −2 வந்தது. புத்தகத்தில் 3 மட்டும்தான் இருக்கிறது.

பதில்: புத்தகம் சரி. −2-ஐப் போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் √4, அதாவது 2, வலப்பக்கம் −2. பொருந்தவில்லை. வர்க்கப்படுத்தும்போது குறி மறைந்துபோவதால் இப்படி வேண்டாத விடை நுழைந்துவிடும். வர்க்கப்படுத்தினால் கடைசியில் சரிபார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: சைன் தீட்டா / (1 − காஸ் தீட்டா) = (1 + காஸ் தீட்டா) / சைன் தீட்டா என்று நிறுவச் சொன்னால் குறுக்கே பெருக்கலாமா?

பதில்: வேண்டாம். நிறுவ வேண்டியதையே உண்மை என்று எடுத்துக்கொண்டது போல ஆகிவிடும். இடப்பக்கத்தை மட்டும் கையில் எடுங்கள். மேலும் கீழும் (1 + காஸ் தீட்டா)-வால் பெருக்குங்கள். பகுதி 1 − காஸ்² தீட்டா, அதாவது சைன்² தீட்டா ஆகிவிடும். அப்புறம் ஒரு சைனை அடித்தால் வலப்பக்கம் வந்துவிடும். இங்கே அடிக்கலாம், ஏனென்றால் பகுதியில் இருப்பதால் சைன் பூச்சியமாகாது என்பது கணக்கிலேயே இருக்கிறது.

கேள்வி: கோபுரத்தின் உச்சி 30° ஏற்றக்கோணத்தில் தெரிகிறது. 20 மீட்டர் நெருங்கியதும் 60°. உயரம் என்ன?

பதில்: முதலில் படம். உயரம் ‘உ’ என்றால் முதல் தொலைவு உ√3, இரண்டாவது உ/√3. இவற்றின் வித்தியாசம் 2உ/√3 = 20. உயரம் 10√3, ஏறக்குறைய 17.32 மீட்டர்.

கேள்வி: டேன் 90°?

பதில்: 1-ஐப் பூச்சியத்தால் வகுக்க வேண்டிவரும். ‘வரையறுக்கப்படவில்லை’ என்று எழுதுங்கள்.