அத்தான் இடுப்பில் இருக்கிறது, நானும் வைக்க வேண்டுமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மதுரையிலிருந்து ஹூஸ்டன் வந்து 4 மாதம். அக்கா போட்ட மனு பதினைந்து வருஷத்துக்கு மேல் தூங்கி எழுந்து, இப்போது மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கிரீன் கார்டிலேயே இறங்கியிருக்கிறீர்கள். அத்தானின் பெட்ரோல் பங்க் கடையில் ராத்திரி கல்லா உங்களுடையது. அத்தான் இடுப்பில் எந்நேரமும் ஒரு கைத்துப்பாக்கி; கடையில், காரில், பிள்ளையின் பிறந்தநாள் விருந்தில்கூட. 'நானும் வாங்கணுமா, வாங்கினால் கடைக்கு மட்டுமா, எப்பவும் கூடவே வைத்துக்கொள்ளணுமா' என்று கேட்கிறீர்கள்.

என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். பிறகு வாங்கினாலும் பெரும்பாலான நாளைக்கு அது பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். 'சும்மா கிடக்கட்டும்' என்று காரில் போட்டு வைக்கிற நடுவழி மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். துப்பாக்கியே ஆகாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். இந்த ஊரில் 22 வருஷம், அதில் 12 வருஷத்துக்கு மேலாக என்னிடம் ஒன்று இருக்கிறது, லைசன்ஸும் இருக்கிறது, ஏறக்குறைய ஒன்றரை வருஷம் தினமும் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

விசாவில் வந்திருக்கிற மற்றவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. எச்-1பி, எஃப்-1, எல்-1, இதில் எதில் வந்திருந்தாலும் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம், 15 ஆண்டு வரை சிறை. வாங்கினால்தானே என்று நினைக்காதீர்கள், ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகுகிற இடத்தில், வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் கையில் வைத்திருப்பதுதான். இறங்கிய மாதமே ரேஞ்சுக்குப் போய் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிற நம்ம பையன்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். முறையான வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு, ஆனால் அதை நம்பி இறங்குமுன் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தம்பி, உங்களுக்கு இது பொருந்தாது. ஆனால் நாளைக்கு அப்பா அம்மா பார்வையாளர் விசாவில் ஆறு மாதம் வந்து தங்கினால் அவர்களுக்குப் பொருந்தும். 'அப்பா, பிடிச்சுப் பாருங்க' என்று கையில் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள்.

சரி, டெக்சாஸுக்கு வருவோம். 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே 21 வயதான, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடக்கலாம். அத்தான் அதைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார், 'பேப்பரே வேண்டாம்டா' என்று. உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று மத்திய சட்டம் ஒன்று இருக்கிறது. மாநில லைசன்ஸ் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு, இல்லாதவருக்குக் கிடையாது. நம்ம குடியிருப்புப் பகுதிகளில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு தொடக்கப் பள்ளி. பேப்பர் இல்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளையைக் கூட்டிவரக் கிளம்பினால், வழியிலேயே அந்த வட்டத்துக்குள் நுழைந்துவிடுவீர்கள். லைசன்ஸ் ஒன்றும் பெரிய பாடு இல்லை: 40 டாலர் கட்டணம், நாலிலிருந்து ஆறு மணி நேர வகுப்பு, ஒரு எழுத்துத் தேர்வு, 3, 7, 15 கஜ தூரத்திலிருந்து மொத்தம் 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். அந்த வகுப்பில் சுடுவதைவிட எப்போது சுடக் கூடாது என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அதற்காகவே போகலாம்.

எப்போதும் கூடவே வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று யாரும் சொல்லமாட்டார்கள். சனிக்கிழமை காலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் பார்சல் போட தபால் நிலையம்: மத்திய அரசு இடம், தடை, கார் நிறுத்துமிடத்தையும் சேர்த்தே விதி எழுதியிருக்கிறார்கள். அதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன, நடக்கட்டும், அதில் உங்கள் பெயரும் ஒன்றாக வேண்டாம். அப்புறம் சின்னவளுக்குத் தடுப்பூசி, மருத்துவமனை வாசலில் பலகை. இங்கே கடைக் கதவுகளில் 30.05, 30.06, 30.07 என்று எண் போட்ட அறிவிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். முதலாவது லைசன்ஸ் இல்லாதவருக்கு, இரண்டாவது லைசன்ஸோடு மறைத்து வைத்திருப்பவருக்கு, மூன்றாவது வெளியே தெரிய வைத்திருப்பவருக்கு. மத்தியானம் நண்பர்கள் கூப்பிட்ட இடத்தில் சிவப்பு எழுத்தில் 51% என்று போட்டிருந்தால், வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கே குடிக்கிற மதுவிலிருந்து வருகிறது என்று அர்த்தம், லைசன்ஸ் இருந்தாலும் உள்ளே கொண்டுபோக முடியாது. ஆக நாலு இடத்துக்குப் போனால் மூன்று தடவை காரில் குனிந்து உட்கார்ந்து, உறையோடு கழற்றி, சீட்டுக்குக் கீழே பெட்டியில் வைத்துப் பூட்டி, திரும்ப வந்து மாட்ட வேண்டும். ஒவ்வொரு தடவை கையில் எடுக்கும்போதும் தவறுக்கு ஒரு வாய்ப்பு. கார் நிறுத்துமிடத்தில் நீங்கள் குனிவதை ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தால், கண்ணாடியை உடைக்க அவனுக்கு அரை நிமிஷம் போதும். காரில் போட்டு வைக்கிற பழக்கம் ஆகவே ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான், திருட்டுத் துப்பாக்கி சந்தைக்கு நாமே சரக்கு அனுப்புவது போல அது.

இன்னும் சின்னச் சின்ன விஷயங்கள். தோட்டா நிரப்பிய 9 மில்லிமீட்டர் நடுத்தரத் துப்பாக்கி முக்கால் கிலோவுக்கு மேல் வரும். சட்டையை எப்போதும் வெளியே விட வேண்டும், பெல்ட் கெட்டியாக வேண்டும், ஹூஸ்டன் ஆகஸ்ட் வெயிலில் அந்தப் பக்கத்து இடுப்பு முழுக்க வேர்க்குரு. இந்தியக் கடையில் கீழ்த்தட்டிலிருந்து சோனா மசூரி மூட்டையைத் தூக்கக் குனிந்தேன் ஒரு நாள், சட்டை ஏறிவிட்டது. பின்னால் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டார். அன்றைக்கு அரிசி வாங்காமலே வந்தேன்.

நான் தினமும் வைப்பதை விட்டது வேறொரு நாளால். 2013, டல்லஸிலிருந்து ஐ-45 நெடுஞ்சாலை வழியாகத் திரும்பி வருகிறேன். நடுவில் ஒரு பெட்ரோல் பங்கில் கழிவறை. பெல்ட்டை அவிழ்த்தால் கனத்துக்குக் கால்சட்டை தரைக்கு வந்துவிடும், அதனால் உறையோடு எடுத்து, சுவரில் இருக்குமே, சீட்டின் மேல் விரிக்கிற காகிதப் பெட்டி, அதன் மேல் வைத்தேன். கை கழுவினேன், காபி வாங்கினேன், காரில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுக்கும்போது இடுப்பு லேசாக இருந்தது. ஓடினேன். அதே அறை உள்ளே தாழ். கதவுக்குக் கீழே சின்ன ஷூ, ஆறு வயதுப் பையன் போடுகிற ஒட்டு ஷூ. தட்டினால் பயந்து மேலே பார்ப்பானோ என்று தட்டவும் முடியவில்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பையன் வெளியே வந்து கைகூடக் கழுவாமல் அப்பாவைத் தேடி ஓடினான். பெட்டி அவன் தலைக்கு மேலே இருந்ததால் பார்க்கவில்லை, அவ்வளவுதான், வேறு எதுவும் அவனைக் காப்பாற்றவில்லை. நான் கவனக்குறைவான ஆள் இல்லை. அன்றைக்கும் கவனமாகத்தான் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கடை. அத்தானுக்கு அது சொந்த இடம், கல்லாவில் இருபது வருஷம் உட்கார்ந்தவர், அவர் கணக்கு வேறு. நீங்கள் நான்கு மாதக்காரர். முகமூடி போட்டவன் உள்ளே வந்து கல்லாவைத் திற என்று கத்தும்போது, அவன் பேசுகிற வேகத்துக்கு உங்கள் காது இன்னும் பழகியிருக்காது. 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில் 16 வயது ஜப்பானிய மாணவன் ஒருவன் ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது வீடு மாறிப் போனான். வீட்டுக்காரர் துப்பாக்கியை நீட்டி 'ஃப்ரீஸ்' என்றார், அசையாதே என்று அர்த்தம். பையனுக்கு அந்த அர்த்தம் எட்டவில்லை, முன்னால் வந்தான், சுடப்பட்டு இறந்தான். சுட்டவரைக் குற்றவழக்கில் நடுவர் குழு விடுவித்துவிட்டது. புதிதாக வருபவர்களுக்கு நான் இந்தச் சம்பவத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. துப்பாக்கி உங்கள் கையில் இருந்தாலும் அடுத்தவன் கையில் இருந்தாலும் ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்க இடமில்லை. கொள்ளைக்காரன் ஓடிய பிறகு 911-க்கு அழைத்து, போலீஸ் உள்ளே நுழையும்போது கையில் துப்பாக்கியோடு நிற்கிற மாநிற ஆள் நீங்கள்; அவர்களுக்கு எப்படித் தெரியும், யார் கடைக்காரர், யார் திருடன் என்று?

டெக்சாஸில் ராத்திரித் திருட்டுக்குக்கூடச் சுடலாம் என்று யாராவது வீரம் பேசுவார்கள். சொத்தைக் காக்க நிபந்தனைகளோடு அப்படி ஒரு பிரிவு இருப்பது உண்மைதான். அதைப் பேசுகிறவர் கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குப் போடலாமா என்று முடிவு செய்கிற பொதுமக்கள் குழு, முன்னால் உங்களுக்காக உட்காரப் போவதில்லை, வக்கீல் செலவையும் தரப் போவதில்லை. கிரீன் கார்டுக்காரருக்கு இன்னொரு கத்தி தலைக்கு மேல்: துப்பாக்கிக் குற்றம் ஒன்றில் தண்டனை விழுந்தால் நாடு கடத்த அதுவே போதும். குடியுரிமை வாங்கும் வரை இதை மனதில் வையுங்கள். அத்தானிடம் துப்பாக்கி கேட்பதற்கு முன்னால் வேறு சிலது கேளுங்கள். நோட்டைப் போட்டால் நீங்களே திறக்க முடியாத பெட்டி, கல்லாவில் சில்லறை அளவுக்கு மட்டும் பணம், அந்த விவரம் வாசலில் பெரிய எழுத்தில், ஜன்னலை மறைக்கிற பீர் விளம்பரங்களை எடுப்பது, ராத்திரியில் இன்னொரு ஆள். திருடன் கேட்டால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள், துரத்தாதீர்கள். அத்தானுக்கு விளம்பரம் எடுப்பதுதான் பிடிக்காது, அதற்குக் காசு வருகிறது.

கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடுப்பில் இருந்த நாட்களில் நான் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை, குறுக்கே வண்டியை விட்டவனிடம்கூட நானே கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்பேன். வைத்திருக்கும் ஆள் எல்லா வாக்குவாதத்திலும் தோற்றுத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் ஜெயிக்கப் போனால் அது எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியும். குடியும் கூடாது. பொங்கல் விழாவில் எல்லோரும் கிளாஸோடு நிற்க நீங்கள் மட்டும் மோர் குடிக்கத் தயாரா? 'துப்பாக்கி இருந்தால் ஒரு தைரியம்' என்று யோசித்திருந்தால், அந்த யோசனை இருக்கிற வரை வாங்காதீர்கள்.

வீட்டில் எங்கே வைப்பது? நம்ம ஆட்களுக்கு ஒரே இடம், பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில், நகைப்பெட்டி பக்கத்தில். அந்த இடம் தெரியாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்து, அது கையில் எடுத்துவிட்டால் இங்கே உங்கள்மேல் குற்றம். சுவரிலோ கட்டிலிலோ அடித்துப் பொருத்திய, எண் அழுத்தித் திறக்கிற பெட்டி வேண்டும், எண் உங்களுக்கும் மனைவிக்கும் மட்டும். மனைவி வேண்டாம் என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. இந்த நாட்டில் துப்பாக்கியால் போகிற உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வேலை போன, ஊரில் அப்பா அம்மா காரியத்துக்குப் போக முடியாத ராத்திரிகள் நமக்கும் வரும், எனக்கு வந்திருக்கிறது. அந்தச் சில வாரம் என் துப்பாக்கி நண்பன் வீட்டுப் பெட்டியில் இருந்தது.

ஊருக்குப் போகும்போது ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையைப் பெட்டி கட்டத் தொடவே தொடாதீர்கள். இங்கே விமான நிலையச் சோதனையில் 2023-ல் மட்டும் 6,700-க்கும் மேல் துப்பாக்கிகளைப் பிடித்தார்கள், பெரும்பாலானவர் சொன்னது 'பையில் இருந்ததை மறந்துவிட்டேன்'. தெரிந்தவர் ஒருவர் சென்னையிலிருந்து திரும்பும்போது பையின் அடித்தையலுக்குள் ஒற்றைத் தோட்டா கிடந்திருக்கிறது. இந்திய ஆயுதச் சட்டத்தில் வழக்கு, விமானம் போய்விட்டது, பிள்ளைகள் பள்ளி திறந்தும் அவர் அங்கேயே.

நான் இப்போது எவ்வளவு வைக்கிறேன் என்றால், வருஷத்துக்கு நாலைந்து நாள். தனியாக ராத்திரியில் கிராமத்து ரோட்டில் வெகுதூரம் போக வேண்டியிருந்தால், அதுவும் வழியில் எங்கும் இறங்கி நுழைய வேண்டாத பயணமாக இருந்தால். பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்குக் கொண்டுபோவதில்லை, வழிபாட்டு இடத்தில் பலகை இல்லையென்றால் சட்டம் அனுமதிக்கிறது, எனக்கு மனசு அனுமதிக்கவில்லை.

இவ்வளவும் படித்த பிறகும் ஆசை இருந்தால், வாங்காமல் ஆறு மாதம் வாடகைக்கு எடுத்துச் சுடுங்கள். வாங்கிய பிறகும் முதல் இரண்டு வாரம் காலியாக, வீட்டுக்குள் மட்டும், பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் இடுப்பில் வைத்து உட்கார்ந்து எழுந்து பாருங்கள். பாதிப் பேர் அதிலேயே விட்டுவிடுவார்கள். ரேஞ்சுக்கு முதல் நாள் போகும்போது கழுத்து வரை மூடிய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெடித்துத் தெறிக்கிற பித்தளைக் கூடு கொதிக்கும், காலருக்குள் விழுந்தால் துள்ளத்தான் தோன்றும். துள்ளாமல் முதலில் துப்பாக்கியை முன்பக்கம் பார்த்தபடி கீழே வைத்துவிட்டு அப்புறம் ஆடுங்கள். எனக்கு இன்னும் கழுத்தடியில் தழும்பு இருக்கிறது.