ஆற்று நீர் கேள்வி - பதில்: விடியலில் 4, மதியம் 9

கேள்வி: அம்மா, எங்கள் குழுவில் ஆறு பேர். எட்டு மாதமாக ஒரே இடத்தில் ஆற்று நீரைச் சோதித்து நோட்டில் எழுதி வருகிறோம். போன மாதம் விடியற்காலையில் நான் அளந்தபோது கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4.1 மில்லிகிராம். அன்றே மதியம் மூன்று மணிக்கு நண்பர் அளந்தார், 9.6 வந்தது. அப்போது தண்ணீர் 28 டிகிரி. "உன் அளவு தப்பு, அடித்துவிடு" என்கிறார். அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள். இரண்டும் சரியாகவே இருக்கலாம். பகலில் பாசி வெயிலை வாங்கிக்கொண்டு ஆக்சிஜனை வெளியிடும். ராத்திரியில் பாசி, மீன், பாக்டீரியா எல்லாம் சேர்ந்து அதைச் செலவழிக்கும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். மீன்கள் மூச்சுத் திணறுகிற நேரமும் அதுதான். நீங்கள் அந்த நேரத்தில் எழுந்து போனதற்கே உங்களைப் பாராட்டலாம்.

நண்பர் தன்னுடைய 9.6-ஐ நல்ல செய்தி என்று நினைத்திருப்பார். எனக்கு அதுவும் கவலைதான். 28 டிகிரியில் காற்றிலிருந்து நீரில் கரைந்து நிற்கக்கூடியது ஏறக்குறைய 7.8 மில்லிகிராம். மிச்சத்தைப் பாசி கொடுத்திருக்க வேண்டும். அவ்வளவு பாசி இருந்தால் சாக்கடையோ வயல் உரமோ மேலே எங்கோ கலக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை, பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்த்து அளக்கலாம்.

ஆனால் ஒன்றை முதலில் விசாரியுங்கள்: நண்பர் எப்படி மொண்டார்? நான் பள்ளி ஆய்வகத்தில் வருடக்கணக்காக பியூரெட் (திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளக்கும் கண்ணாடிக் குழாய்) பிடித்தவள். அப்படியும் ஆற்றுக்குப் போன புதிதில், வாளியில் மொண்டு பாட்டிலில் சளசளவென்று ஊற்றினேன். ஊற்றும்போதே காற்று கலந்துவிடும் என்று தோன்றவே இல்லை. மூன்று மாதம் எல்லா இடத்திலும் ஆறு பிரமாதமாக இருந்தது! அந்தப் பக்கங்களையும் நான் கிழிக்கவில்லை. ஓரத்தில் "வாளி" என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். பாட்டிலை நீருக்குள்ளேயே நிரப்பி, உள்ளேயே மூட வேண்டும். குமிழி ஒன்று தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். தேதிக்குப் பக்கத்தில் மணியும் வெப்பநிலையும் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, பிஎச் (அமில-காரத் தன்மை) 7.4, ஆக்சிஜனும் சரி. ஆனாலும் மீனே இல்லை. ஏன்?

பதில்: நீங்கள் போன நேரத்தில் மட்டும் நன்றாக இருந்திருக்கலாம். கழிவை ராத்திரியில் திறந்துவிட்டால் உங்கள் சோதனைக் கிட்டுக்குத் தெரியாது. கல்லைப் புரட்டிப் பாருங்கள். மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை போன்ற பூச்சிகளின் குஞ்சுகள் மாதக்கணக்கில் கல்லடியில் கிடந்து வளர்பவை, அழுக்கு தாங்காதவை. அவை இருந்தால் ஓரளவு நிம்மதி. சேற்றில் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் சந்தேகப்படுங்கள். அவற்றின் உடலில் நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் உண்டு, அதனால் ஆக்சிஜன் குறைந்த இடத்திலும் பிழைத்துக்கொள்ளும். பார்த்த கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள்.

கேள்வி: பாக்டீரியா சோதனைக்கு எடுக்கும் பாட்டிலையும் ஆற்று நீரில் மூன்று முறை அலச வேண்டுமா?

பதில்: வேண்டாம். மற்ற பாட்டில்களுக்குத்தான் அது. இது கிருமி நீக்கியது. மூடியின் உட்புறத்தில் விரல் படாமல், வாயை நீரோட்டத்துக்கு எதிரே காட்டி ஒரே முறை நிரப்புங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.