டிரையல் தோற்றால் மாலையே மறுபடி வைக்கக் கூடாதா?

கேள்வி: அப்பா ஒரு வாரத்துக்கும் மேலாக வென்டிலேட்டரில் இருக்கிறார். இன்று காலை, தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்க்கும் டிரையல் வைத்தார்கள். இருபது நிமிடத்திலேயே மூச்சு வாங்கியதால் மறுபடி மெஷினில் போட்டுவிட்டார்கள், அடுத்தது நாளைக்குத்தானாம். மாலையே இன்னொரு முறை பார்த்தால் என்ன? அல்லது மெஷினின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமே?

பதில்: டிரையலில் திணறியவரின் உதரவிதானம், அதாவது மூச்சை இழுக்கும் முக்கியத் தசை, களைத்துப்போயிருக்கலாம். அப்படிக் களைத்திருந்தால் தேற கிட்டத்தட்ட ஒரு நாள் ஓய்வு வேண்டும். 1995-ல் வெளியான ஸ்பெயின் ஆய்வில் நாளுக்கு ஒரு டிரையலும் பல டிரையல்களும் ஒரே பலனைத்தான் தந்தன. ஆனால் மெஷின் தரும் மூச்சு எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைத்தவர்களைவிட, நாளுக்கு ஒருமுறை டிரையல் வைக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாக, தொண்டை வழியாகச் செலுத்திய மூச்சுக் குழாயிலிருந்து மீண்டார்கள். 'கொஞ்சம் கொஞ்சமாக' என்பது கேட்கத்தான் இதமாக இருக்கிறது.

டிரையல் என்பது பிரஷர் சப்போர்ட் (மூச்சை இழுக்கும்போது மெஷின் தரும் உதவி அழுத்தம்) 5 முதல் 8, பீப் (மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் நிறுத்தும் அழுத்தம்) 5 என, இரண்டையும் சென்டிமீட்டர் நீரழுத்தக் கணக்கில் வைத்து, 30 நிமிடம் தானாக மூச்சு விடவைப்பது. ஏற்கெனவே தோற்றவருக்கு 2 மணி நேரம் வரை நீட்டுவார்கள். மூச்சு நிமிடத்துக்கு 35-ஐத் தாண்டினால், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால், நாடி 140-ஐத் தாண்டினால், வியர்த்துப் படபடத்தால் நிறுத்திவிட வேண்டும்.

நாளைக்குள் செய்ய வேண்டிய வேலை, தோற்ற காரணத்தைத் தேடுவது. பலரும் கோட்டைவிடுவது இதயத்தைத்தான். மெஷினின் அழுத்தம் குறைந்ததும் இதயத்துக்கு ரத்தம் கூடுதலாகத் திரும்பும், இடது கீழறையின் சுமையும் ஏறும். உடலில் ஏற்கெனவே நீர் தேங்கியிருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே 'உள்ளே போனது, வெளியே வந்தது' கணக்கைப் பாருங்கள் என்று டாக்டரிடம் கேட்கலாம். நீர் பிரியும் மருந்து ஒன்றே சிலருக்கு மறுநாள் டிரையலைத் தாண்டவைக்கும். பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் குறைவும் மூச்சுத் தசையைத் தளர்த்தும். சிறுநீரகம் மந்தமாக இருந்தால், நிறுத்திய மயக்க மருந்தும் உடலில் தங்கியிருக்கும்.

கேள்வி: அம்மா டிரையலில் தேறிவிட்டார். ஆனாலும் குழாயை எடுக்கவில்லையே?

பதில்: மூச்சு விட முடிவது வேறு, குழாய் இல்லாமல் சமாளிப்பது வேறு. நன்றாக இருமுகிறாரா, சொன்னதைச் செய்கிறாரா, எவ்வளவு அடிக்கடி சளி உறிஞ்ச வேண்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பல நாள் குழாய் இருந்தால் தொண்டை வீங்கியிருக்கலாம். குழாயைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் சிறு பலூனான கஃபின் காற்றை இறக்கும்போது ஒரு மூச்சில் சுமார் 110 மில்லியை விடக் குறைவாகக் கசிந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். அப்போது ஸ்டீராய்டு கொடுத்து, குறைந்தது 4 மணி நேரம் கழித்துத்தான் எடுப்பார்கள்.