‘அமேலி’ பிடித்தது என் குற்றமா?

கேள்வி: ‘அமேலி’ என்ற பிரெஞ்சுப் படத்தை நான்கு முறை பார்த்திருக்கிறேன். போன வாரம் எங்கள் திரைப்படக் குழுவில், “அது பொய்யான பாரிஸ், விமர்சகர்கள் அப்போதே கிழித்துவிட்டார்கள்” என்றார் ஒரு சீனியர். வாயடைத்துப் போனேன். என் ரசனை மட்டமா?
– ஒரு வாசகி, கோவை

அன்புள்ள தங்கைக்கு,

கிழித்தது எல்லோரும் அல்ல. 2001 ஏப்ரலில் பிரான்சில் வெளியான அந்தப் படத்தைப் பெரும்பாலான விமர்சகர்கள் கொண்டாடினார்கள். அந்த ஆண்டே அங்கு 80 லட்சம் பேருக்கு மேல் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள். கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் மறு ஆண்டு சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட பிரெஞ்சுத் திரையுலகின் உயரிய விருதான செசார் 4 வந்தன.

உங்கள் சீனியர் மனதில் இருப்பது அநேகமாக பிரெஞ்சு விமர்சகர் செர்ஜ் ககான்ஸ்கியின் கட்டுரை. ‘லிபேராசியோன்’ நாளிதழில் அவர் கடுமையாகத் தாக்கினார். கதை நடக்கும் பாரிஸின் மோன்மார்த்ரு பகுதிக்குப் பக்கத்திலேயே பார்பெஸ் இருக்கிறது. ஆப்பிரிக்க, அரபு வம்சாவளி மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி அது. அவர்களெல்லாம் இந்தப் பாரிஸில் எங்கே போனார்கள் என்பதுதான் அவர் கோபம். தீவிர வலதுசாரித் தலைவர் லெ பென்னின் பிரச்சாரத்துக்கே இது உதவும் என்கிற அளவுக்குப் போனார்.

அது மிகை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் கேள்வி நியாயமானது, அதைத் தள்ளிவிடாதீர்கள். இயக்குநர் ழான்-பியேர் ழூனே சுவர்க் கிறுக்கல்களைத் துடைத்தார், கணினியில் பச்சையும் சிவப்பும் ஏற்றினார். தனியாக வளர்ந்த ஒரு பெண்ணின் கற்பனையில் நகரம் அப்படித்தான் தெரியும். அதில் எனக்குக் குறையே இல்லை. கிறுக்கலைத் துடைப்பதும் மனிதர்களை விட்டுவிடுவதும் ஒன்றல்லவே! அந்த இடத்தில் ககான்ஸ்கியின் பக்கம் நிற்கிறேன். இத்தனைக்குப் பிறகும் அந்தப் படம் எனக்கு உயிர்.

நீங்கள் ஐந்தாவது முறையும் பாருங்கள். இந்த முறை காய்கறிக் கடைப் பையன் லூசியனைக் கவனியுங்கள். நடித்தவர் ஜமேல் தெபூஸ், மொராக்கோ வம்சாவளிக்காரர். பாத்திரத்தின் பெயரோ அசல் பிரெஞ்சுப் பெயர். முதலாளி கொலிஞோன் எல்லோர் முன்னாலும் அவனை அவமானப்படுத்துகிறான். கதாநாயகி அமேலி கொலிஞோனின் வீட்டுக்குள் புகுந்து பற்பசையை மாற்றிவைத்துப் பழிவாங்குகிறாள். ஒதுக்கப்பட்டவனுக்காகப் படம் பரிந்து பேசுகிறதா, இல்லை அவனுடைய வேரை மறைக்கிறதா? எனக்கு இரண்டும் தெரிகிறது. அடுத்த கூட்டத்தில் அந்தக் காட்சிகளைப் போட்டுக் காட்டி, சீனியரிடமே இதைக் கேளுங்கள்.