அம்மா சாப்பிடாத மருந்தை கிருமி எப்படி எதிர்க்கிறது?

காரைக்குடியில் அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து, சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வந்து, மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்குக்கு நேராக ‘ஆர்’, அதாவது அந்த மருந்தைக் கிருமி எதிர்க்கிறது, என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மருந்தையே போடாதபோது எப்படி என்ற உங்கள் குழப்பம் நியாயமானது.

அம்மா உடம்பு மருந்துக்குப் பழகவில்லை. அந்தக் கிருமி வரும்போதே எதிர்ப்போடு வந்திருக்கலாம். பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்று வளையமாக ஒரு சின்ன டிஎன்ஏ உண்டு; மருந்தை எதிர்க்கும் மரபணு அதில் இருக்கலாம். மனகோலம் பலகாரத்தின் பக்குவத்தை ஆச்சி சிட்டையில் எழுதிப் பக்கத்து வீட்டுக்கும் கொடுப்பதுபோல, ஒரு கிருமி அதைப் பிரதியெடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்கும். தன் பிரதியும் தன்னிடமே இருக்கும். வேறு இனக் கிருமிக்கும் போகும், அதுதான் கவலை. மெரோபெனம் போன்ற மருந்துகளைச் சிதைக்க வைக்கும் என்டிஎம்-1 மரபணு இப்படிப் பரவுவதுதான். 2008இல், டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் கிளெப்சியெல்லாவில் முதலில் கண்டார்கள். 2010 ஆய்வில் சென்னை மாதிரிகளிலும் இருந்தது.

சரி, இப்போது டாக்டரிடம் இரண்டு கேளுங்கள். காய்ச்சலோ எரிச்சலோ இல்லையென்றால் இது தொற்றா, வெறுமனே தங்கியிருக்கும் கிருமியா? சிறுநீர் வெளியேறப் போட்டிருக்கும் குழாயை (கதீட்டர்) எடுத்துவிடலாமா? மிச்ச மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அந்தக் குழாயில் மாட்டியிருக்கும், சிறுநீர் சேரும் பையைக் காலி செய்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மதுரைக்கு மாற்றினால் இந்த ரிப்போர்ட்டை முதலில் காட்டுங்கள்.