அஸ்தியும் ஹஸ்தாயும்

கேள்வி: பி.ஏ. சமஸ்கிருதம் முடிக்கப்போகிறேன். இந்தோ-ஐரோப்பிய ஒப்பியல் மொழியியலில் முதுகலை படிக்க ஆசை. கையில் இருக்கும் சமஸ்கிருதம் போதுமா?

பதில்: நானும் அந்த நினைப்போடுதான் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கிரேக்கமும் லத்தீனும் பள்ளியிலேயே படித்துவிட்டு வந்தவர்கள் நடுவில் திருதிருவென்று விழித்தேன். வேத வினைச்சொற்களுக்கு அவர்கள் விழித்தபோதுதான் (அல்பம்தான், என்ன செய்ய) கொஞ்சம் நிம்மதி!

ஆனால் ஒரு வகுப்பு மறக்காது. நாம் ஆற்றில் கரைக்கும் 'அஸ்தி' என்பது எலும்பு; கிரேக்கத்தில் 'ஒஸ்தேயோன்'. துருக்கியில் களிமண் பலகைகளில் கிடைத்த ஹிட்டைட் மொழியில் அதுவே 'ஹஸ்தாய்'. முன்னால் நிற்கும் அந்த 'ஹ' எங்கிருந்து வந்தது? இந்த மொழிகளெல்லாம் கிளைத்த மூலமொழியில் சில ஒலிகள் இருந்து மறைந்திருக்க வேண்டும் என்று, உயிரெழுத்துகள் மாறும் விதத்தை மட்டும் வைத்து, சுவிஸ் மொழியியலாளர் சொசூர் தன் 21 வயதில் 1879-ஆம் ஆண்டு நூலில் கணக்குப் போட்டிருந்தார். ஹிட்டைட்டைச் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி படித்துக் காட்டியதே 1915-ல்தான். அந்த 'ஹ'தான் சொசூரின் ஒலி என்று 1927-ல் போலந்து மொழியியலாளர் குரிலோவிச் சுட்டினார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: கிரேக்கம் தொடங்குங்கள். அப்புறம் ஜெர்மன். மொழியியலாளர் புருக்மான் எழுதியது முதல் இந்தத் துறையின் பழைய கையேடுகள் பலவும் அந்த மொழியில்தான். அகராதியோடு மல்லுக்கட்டியே என் முதல் குளிர்காலம் போனது.