திருவொற்றியூர் பக்கத் தியேட்டரில் திரையைப் பெரிதாக்கியதும் படம் மங்கலாகிவிட்டது. புரொஜெக்டர் பழுதா?

பெரும்பாலும் பழுதாக இருக்காது, வெளிச்சம்தான் பத்தவில்லை.

டிஜிட்டல் சினிமாவில் திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதற்கான அளவு) இருக்க வேண்டும். 40 அடி அகல ஸ்கோப் திரை (உயரத்தைப்போல் சுமார் 2.4 மடங்கு அகலமுள்ளது) ஏறக்குறைய 670 சதுர அடி. சாதாரண வெள்ளைத் திரை என்றால் அதன்மேல் 9,400 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) விழ வேண்டும். 50 அடி ஆக்கினால் 14,600 லூமன். பத்தடி கூட்டியதற்கு ஒன்றரை மடங்குக்கும் மேல்! ஓடித் தேய்ந்த செனான் விளக்கிடம் (புரொஜெக்டருக்குள் இருக்கும் வாயு விளக்கு) இதை எதிர்பார்க்க முடியாது. கரண்ட்டை ஏற்றிச் சமாளித்தால் அதன் ஆயுள்தான் குறையும். வாரன்டி மணிநேரம் தாண்டியும் ஓட்டினால் வெடித்து, ஒளியைக் குவிக்கும் ரிஃப்ளெக்டரையும் உடைத்துவிடக்கூடும்.

புது விளக்கு வாங்கும் முன் புரொஜெக்டர் கேபினில் ஒளி வெளியே வரும் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். துறைமுக லாரிப் புழுதியும் கடல்காற்றின் உப்பும் அதில் படலமாகப் படியும். ஏர் ஃபில்டரையும் அதே புழுதிதான் அடைக்கிறது. காற்றோட்டம் குறைந்து சூடேறினால் புரொஜெக்டர் விளக்கை அணைத்துவிடும்.

வெளிச்சத்தைக் கூடுதலாகத் திருப்பியடிக்கும் சில்வர் திரை மாட்டச் சொல்வார்கள். 2டி படத்துக்கு வேண்டாம் என்பேன்: நடுவில் பளீரென்றிருக்கும், ஓர சீட்டுக்காரருக்கு மூலைகள் இருண்டுபோகும்.

விளக்கு நன்றாகச் சூடானபின் முழு வெள்ளைப் படம் போட்டு, நடு சீட்டிலிருந்து ஸ்பாட் மீட்டரில் (திரையில் ஓர் இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் கருவி) அளக்கச் சொல்லுங்கள்.